பனி ஏரியின் கரையோரம்

என் மகள் கனடாவின் வடக்கே நர்ஸாக இருக்கிறாள். வீடு ஓர் ஏரியின் தென்கரையில். வேலை பார்க்கும் கிராமம் வடகரையில். அது பழங்குடி மக்களின் ஊர். இடையில் பதினேழு கிலோமீட்டர் ஏரி. குளிர்காலத்தில் ஏரி இறுகியதும் அதன்மேல் பாதை போடுகிறார்கள், லாரிகூடப் போகும். கிராமத்துக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய டீசல், மாவு, வீடு கட்டும் மரம் எல்லாம் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். கோடையில் ஓடும் சின்னப் படகுகள் அந்தச் சுமையைத் தாங்காது. பனி இளகத் தொடங்கிப் படகு விடும்வரை ஐந்தாறு வாரம் எதுவும் ஓடாது.

நான் முதுகுளத்தூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பனியின் கனத்தை நோட்டில் எழுதி வருகிறேன். அங்கே பாதையோரப் பலகையில் போடும் அளவை அவள் தினமும் அனுப்புவாள். முன்பெல்லாம் மார்கழியிலேயே லாரி ஓடும் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களாம். இந்தத் தடவை தை பாதி போன பிறகுதான் விட்டார்கள். பங்குனி பிறந்ததும் நிறுத்திவிட்டார்கள். நான் எண்ணியதில் நாற்பத்துநான்கு நாள். டீசல் தொட்டி பாதிகூட நிரம்பவில்லை.

லாரி நின்றபோது மகள் வடகரையில் பதினைந்து நாள் டூட்டியில் இருந்தாள். நான்கு வயதுப் பேத்தி தென்கரையில் தகப்பனோடு. டூட்டி முடிந்த அன்று சாயங்காலம், அவளுக்கு அது காலை, போனில் முகம் காட்டினாள்.

"அய்யா, இன்னையோட ஆள் போறதையும் நிறுத்துறாங்க. இங்கன ஒருத்தவுக பனிமேல ஓடுற ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வாராக, இப்பவே கெளம்பி வாரேன். விட்டா ஒன்றரை மாசம் பிள்ள மூஞ்சியப் பாக்க முடியாது."

"நடு ஏரில வராத தாயி. கரைய ஒட்டியே சுத்தி வரச் சொல்லு."

எனக்கு அதில் சந்தேகமே இல்லை. முப்பத்தொரு வருடம் கண்மாய்களை அளந்தவன் நான். நீர் வற்றும்போது கரையோரம்தான் முதலில் காய்ந்து இறுகும். நடுவில் மேலே ஏடு கட்டியிருக்கும், அடியில் சேறு கிடக்கும். அளவுகோலும் கையுமாக அப்படி ஒரு நடுக் கண்மாயில் தொடைவரை புதைந்து நின்றிருக்கிறேன்.

மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் மனைவி, "அங்கன போயி நின்னு பாத்த மாதிரியில்ல சொல்றாக!" என்றாள்.

"கண்மாய அளந்தவனுக்குத் தெரியாதா?"

"நீங்க அளந்தது அவியிற வெயில்ல. பேசாம இருங்க, பிள்ள வரட்டும்."

மகளை அழைத்து வரவிருந்தவள் அந்தப் பாதையைப் பராமரிக்கும் பழங்குடிப் பெண். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் சொன்னதை மகள் அவளுக்குச் சொன்னாள். அவள் சிரித்த சிரிப்பு இங்கே போனில் கேட்டது.

"அய்யா, 'ஒங்க அப்பா ஊருல ஐஸ் எந்த மாசம் வெளையும்'னு கேக்குறாங்க."

பிறகு அவள் விளக்கியதையும் மகள் சொன்னாள். வெயில் ஏறும்போது கரை மண்தான் முதலில் சூடாகிறது. அதனால் ஓரத்துப் பனிதான் முதலில் விடுகிறது. நடுவில் இன்னும் இரண்டடிக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. ஆபத்து ஏறும்போதும் இறங்கும்போதும்தான். என் பேச்சைக் கேட்டிருந்தால் வழி நெடுகிலும் ஆபத்திலேயே வந்திருப்பாள்.

போனை வைத்தாள். நாற்பது நிமிடம் ஆகும் என்றிருந்தாள். நாற்பதும் போயிற்று, ஐம்பதும் போயிற்று. என் மனைவி கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். அறுபத்திரண்டாவது நிமிடம் போன் அடித்தது.

"வந்துட்டேன்யா. இந்தக் கரையில தண்ணி அகலமா விட்டுருச்சு, பனியிலேருந்து கரைக்கு நடக்கப் போட்டிருந்த பலகை எட்டல. அவுக கொஞ்சங்கூடப் பதறல. மரத்து நெழல் விழுற எடமாத் தேடிப் போனாக. அங்கன வெயில் படாததால ஓரம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. குப்புறப் படுத்துத் தவழ்ந்து கரையேறுனேன்."

"அவுக?"

"திரும்பிப் போயிட்டாக. அவுக வீடு அங்கனதான?"

இந்த வேலையை விட்டுவிட்டுத் தெற்கே ஏதாவது நகரத்துக்குப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள். நல்ல குளிர் வருடத்தில் சேர்த்து நிரப்பி வைக்க, அடுத்த வருடம் இன்னும் பெரிய தொட்டி வைக்கப் போகிறார்களாம். பாதை விட்டதும் முதல் வாரமே டீசலைக் கொண்டுபோய் விடுவார்களாம். படகு விட்டதும் தானும் வேலைக்குத் திரும்புவாளாம், பனி இறுகினால் மறுபடி இந்தப் பாதையில்தானாம். அளந்து பார்த்துக் காலை வைக்கிறவர்களோடு என் மகள் வேலை செய்கிறாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நோட்டை எடுத்து அன்றைய தேதியை எழுதினேன்.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஏரி முழுக்க வெள்ளையாகத்தான் எனக்குத் தெரிந்தது. கரையை ஒட்டி ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, "அதான் தண்ணி" என்றாள். மறுநாள் அந்தக் கோடு ஒரு தெரு அகலத்துக்கு ஆகியிருந்தது. மகள் அடுப்படியில் நின்று பிள்ளைக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.