கணேசமூர்த்தி சொல்லாமல் விட்டது

டொக்டர் பத்து வாக்கியம் சொன்னால் கணேசமூர்த்தி அதை மூன்றாகச் சுருக்கிச் சொல்வார். அதில் பிசகு இருப்பதாக அவருக்குப் பல வருடங்களாகத் தோன்றியதில்லை. பல் கிளினிக் வாசலில் காலை ஏழு மணிக்கே நாற்பது ஐம்பது பேர் நம்பர் துண்டோடு நிற்பார்கள். உள்ளே இருக்கும் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களுக்கோ கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். நடுவில் அவர் ஒருவர்தான்.

அது அவருடைய வேலையும் அல்ல. அவர் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். தரை துடைப்பது, கருவிகளைக் கழுவ எடுத்துப் போவது, நம்பர் கூப்பிடுவது என்றுதான் வேலைக்கு எடுத்தார்கள். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் கண்டியில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போய், மூட்டை தூக்கிக்கொண்டே சிங்களம் பழகினார். அந்தச் சிங்களம்தான் பின்னால் அவரை இந்த டொக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. இப்போது ஐம்பத்து நான்கு வயது. தலவாக்கலையில் ஒரு வாடகை வீடு. மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வலது குதிகால் மட்டும் நாள் முழுக்க வலிக்கும்.

மூன்று வயதுப் பிள்ளை வாயைத் திறக்கும். முன்பற்கள் கறுத்துக் கரைந்திருக்கும். டொக்டர் பொறுமையாகச் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு கணேசமூர்த்தி பிள்ளையின் அம்மாவிடம் திரும்புவார்.

"சீனித் தேத்தண்ணிய போத்தல்ல ஊத்திக் குடுக்காதீங்க. ராத்திரி படுக்கிறதுக்கு முந்தி பல்ல வெளக்கி விடுங்க."

"பால் பல்லுதானேங்க, விழுந்து மொளைக்கும்" என்பார்கள்.

முதல் சில வருடங்கள் அவர் அதற்குப் பதில் சொன்னதுண்டு. பால் பல் முன்னாடியே போனால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் கோணிக்கொள்ளும் என்று டொக்டரிடம் கேட்டறிந்ததை விளக்குவார். பிறகு அந்த விளக்கமும் சுருங்கிப்போயிற்று. தலையை ஆட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடப் பழகிக்கொண்டார்.

மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை, கோணல் பல்லைச் சீர்செய்யும் டொக்டர் வருவார். அவருக்கும் தமிழ் தெரியாது. நாற்பது வயதிருக்கும். சிரித்த முகந்தான், ஆனால் பதினொரு மணிக்கு மேல் அந்த முகத்திலும் களைப்பு ஏறிவிடும். அப்படி ஒரு வியாழக்கிழமைதான் பூரணி தன் மகள் தனுஷிகாவைக் கூட்டிக்கொண்டு முதன்முதலாக வந்தாள். பூரணிக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. மகளுக்குப் பதினொரு வயது. மேல்பற்கள் நன்றாக முன்னால் வந்திருந்தன. உதடு மூடாது. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

இது வளர்கிற வயது, இப்போதே செய்தால் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்றார் டொக்டர். இரண்டு மூன்று தடவை வந்து அளவு கொடுத்து, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என்று கழற்றி மாட்டும் பிளேட் இரண்டு தயாரானது. அதைக் கொடுத்த அன்று கூட்டம் அதிகம். கணேசமூர்த்திக்குக் குதிகால் விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. டொக்டர் நீளமாகப் பேசினார். இராப்பகலாகப் போட வேண்டும், பள்ளிக்கூடத்திலும் கழற்றக் கூடாது, சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம், முதலில் பேச்சு குழறும், பிறகு பழகிவிடும், தூங்கும்போது கட்டாயம் மறக்கக் கூடாது.

கணேசமூர்த்தி சிறுமியிடம் திரும்பினார். "தூங்கிறப்ப மறக்காம போட்டுக்க பாப்பா. பல்ல நல்லா வெளக்கு. ரெண்டு மாசத்தில வாங்க."

இரண்டு மாதத்தில் வந்தார்கள். டொக்டர் அளந்து பார்த்தார். பெரிய மாற்றம் இல்லை. பிளேட்டைப் போடுகிறாளா என்று கேட்டார். "போடுறியா பாப்பா?" என்றார் கணேசமூர்த்தி. "தெனமும் போடுறேன்" என்றாள். போடுகிறாளாம் என்று டொக்டரிடம் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் போயிற்று.

மூன்றாவது தடவை டொக்டர் அளவுகோலைத் தட்டில் வைத்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. மருந்துக்குக்கூட மாற்றம் இல்லை என்றார். இந்தப் பிளேட்டுக்காக எத்தனை பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்கள், பொய் சொல்லிக்கொண்டு வீட்டில் சும்மா வைத்திருக்கிறவர்களுக்குச் செய்து பலன் இல்லை, அதை அம்மாவிடம் சொல்லுங்கள் மூர்த்தி என்றார்.

கணேசமூர்த்தி பூரணியிடம், "புள்ள ஒழுங்கா போடலன்னு டொக்டர் சொல்றாங்க" என்றார்.

பூரணி மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "ஒரு ராத்திரி தவறலீங்கண்ணே. நான் பக்கத்திலயே படுத்திருந்து பாக்கிறேன். காய்ச்சல் அடிச்ச அன்னிக்கும் போட்டுக்கிட்டுத்தான் தூங்குனா. காலையில கழட்டி, கழுவி, டப்பாவில வச்சிட்டுத்தான் நான் வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்கே போறேன்."

"காலையில கழட்டிடுவீங்களா?"

"நீங்கதானே தூங்கிறப்பன்னு சொன்னீங்க."

தனுஷிகா நாற்காலியில் சாய்ந்தபடியே அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லை. கண்ணீர் காதுக்குள் ஓடியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். இனிமேல் ஒழுங்காகப் போடுவாளாம் என்று டொக்டரிடம் சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாக்கியம் அவர் வாயில் தயாராகவும் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பிள்ளைதான் பொய்க்காரி ஆகும். கணேசமூர்த்தி சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தன் கடைச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "பிள்ளை பொய் சொல்லவில்லை, டொக்டர். பகலிலும் போடச் சொன்னதை நான் சொல்லவில்லை. இரவு என்று மட்டும்தான் சொன்னேன்."

டொக்டர் கையுறையைக் கழற்றினார்.  திட்டுவார் என்று கணேசமூர்த்தி எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு மாதம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "இதுபோல இன்னும் எத்தனை பேருக்கு என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றார் கணேசமூர்த்தி.

டொக்டர் சிறுமியின் பக்கம் குனிந்து, சிங்களத்திலேயே, மன்னித்துக்கொள் மகளே என்றார். அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. கணேசமூர்த்தியும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தப்பு என்மேலதான் தங்கச்சி" என்றார் கடைசியில்.

 பூரணி பிளேட்டை டப்பாவிலிருந்து எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "இங்க வந்து வந்து எத்தனையோ நாள் சம்பளம் போச்சுங்கண்ணே. அத விடுங்க. இவளத்தான் பள்ளிக்கூடத்தில கேலி பண்றாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்தவள் பேசுகிற மாதிரி சொன்னாள்.

அன்றிலிருந்து கிளினிக் மெதுவாக நடந்தது. டொக்டர் ஒவ்வொரு விஷயத்தையும் நிறுத்திச் சொன்னார், கணேசமூர்த்தி முழுதாகச் சொன்னார், அம்மாக்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு மணிக்கு முடிவது இரண்டரைக்கு முடிந்தது. வெளியே நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். மற்றச் சிற்றூழியர்கள், இவருக்கு என்ன புதிதாகப் பெரிய டொக்டர் என்று நினைப்பா என்றார்கள். கணேசமூர்த்தி பழைய கார்டுகளைப் பார்த்துப் பிளேட் வாங்கிய தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளுக்கு டெலிபோன் செய்தார். பதினேழு பேரில் ஒன்பது பேர் கிடைத்தார்கள். அவர்களில் மூன்று பேர் கிளினிக்குக்கு வருவதையே விட்டிருந்தார்கள். அதைக் கேட்ட பிறகு அவருக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

தனுஷிகா பகலிலும் போட்டாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் குழறியது, பிள்ளைகள் சிரித்தார்கள், கொஞ்ச நாளில் அவர்களுக்கே சலித்துப்போயிற்று. ஒரு வருடத்துக்குப் பக்கமாக ஆனபோது உதடு ஏறக்குறைய மூடியது. முழுதாக இல்லை. தொடக்கத்திலேயே ஒழுங்காகப் போட்டிருந்தால் இன்னும் வந்திருக்குமா என்று கணேசமூர்த்தி ஒருநாள் கேட்டார். வந்திருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டொக்டர். மிச்சத்துக்குக் கம்பி போட வேண்டும், அதற்குத் தனியாகப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும்.

அதை அவர் தமிழில் சொல்லக் கேட்ட பூரணி கன்னத்தில் கையை வைத்தபடி நின்றாள். "அண்ணே, எனக்கும் ஒரு பல்லு ரெண்டு வாரமா கொல்லுது. இன்னிக்கு காட்ட ஏலுமா?"

"நம்பர் முடிஞ்சிருச்சே தங்கச்சி. இருங்க, கேட்டுப் பாக்கிறேன்."

நொண்டிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்க் கேட்டார். பார்த்தார்கள். கடைவாய்ப் பல், காப்பாற்றுகிற நிலையில் இல்லை, பிடுங்கினார்கள். பூரணி பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாய் திறக்க முடியவில்லை. தனுஷிகாதான் அவளுடைய பையையும் கார்டையும் வாங்கிக்கொண்டு, பிளேட் போட்ட வாயால் கொஞ்சம் குழறிக் கேட்டாள்.

"மாமா, அம்மா எப்ப சாப்பிடலாம்? என்ன குடுக்கணும்? எல்லாத்தயும் சொல்லுங்க."

அவர்கள் போகும் டயகம பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கணேசமூர்த்தி வாங்குப் பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.