சில்வண்டை அமர்த்தியவர்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்குள் ஒரு சொகுசு விடுதி இருக்கிறது. போன கோடையில் அங்கே ஹீட்டர் பழுது பார்க்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். விருந்தாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியாள். ஐம்பது வயதிருக்கும். தங்கநிறப் பித்தான் வைத்த கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. பேசுவதற்கு முன் அதன் கழுத்தை ஒருமுறை இழுத்து விட்டுக்கொள்வார்.

அன்று மதியம் ஒரு விருந்தாளி, சில்வண்டுச் சத்தத்தில் தூங்க முடியவில்லை, அதை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தார். மேலாளர் உடனே சம்மதித்துவிட்டு, வேலையை இவரிடம் தள்ளிவிட்டார்.

நான் பார்த்தபோது அந்த விருந்தாளி தங்கியிருந்த குடிலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"ஆள் கிட்டப் போனா வண்டு கம்முனு ஆயிருது அண்ணே. நகந்தா மறுபடி கத்துது. அதான் நடக்கிறேன்."

"எம்புட்டு நேரம்?"

"அவரு முழிக்கிற வரைக்கும்."

"முடியாதுன்னு சொல்லிற வேண்டியதுதானே?"

கோட்டுக் கழுத்தை இழுத்துவிட்டார். "விருந்தாளிகிட்ட அந்த வார்த்தைய மட்டும் சொல்லக் கூடாதுன்னுதான் மொத நாளே சொல்லிக் குடுத்தாக."

அப்போது குடிலின் கதவு திறந்தது. விருந்தாளி தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்தார்.

"யாரோ நடக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பாருங்க."

"சரிங்க சார்," என்றார் இவர்.

கதவு மூடியதும் பூட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். வெறுங்காலோடு, சருகு இல்லாத இடமாகப் பார்த்து மிதித்து நடக்கத் தொடங்கினார்.

வேலை முடிந்து ஜீப்புக்காக வாசலில் நின்றேன். குடிலின் ஒரு பக்கம் வண்டுகள் அடங்கின. மறுபக்கம் கத்தத் தொடங்கின. அவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.