பதினோரு வருசம் டிரம்மில் ஓடிய மோட்டார்

“கரையில நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு வேற ஆளப் பாருங்க. எம் மோட்டார் கம்மாயில எறங்குச்சின்னா, படகுல இந்த மாரிக்கண்ணன்தேன் உக்காந்திருப்பான்!”

இந்தப் பிரகடனம் வெளியான இடம் பாளையம்பட்டி டீக்கடை. காலம், குழாயில் பத்து நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஒரு சித்திரை. கேட்டவர்கள் சிரித்தார்கள். மாரிக்கண்ணன் சிரிக்கவில்லை. மறுவாரமே ‘பாளையம்பட்டி பழைய படகு மோட்டார் சங்கம்’ என்று ரப்பர் ஸ்டாம்பு செய்து, தலைவர் பதவியையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

தொழிலால் அவர் போர்வெல் மோட்டார் மெக்கானிக். ஆயிரம் அடிக்குக் கீழே போய்த் தண்ணீரைக் காணாமல் கருகிப்போன மோட்டார்களையே காலமெல்லாம் பார்த்தவருக்கு, தண்ணீர்மேல் சவாரி போகிற மோட்டார்மேல் மோகம் வந்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கடற்கரைப் பழைய இரும்புக்கடை ஒன்றில், படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. வயது அறுபது. தலைவரைவிடப் பன்னிரண்டு வருசம் மூத்தது.

சங்கத்தில் மொத்தம் மூன்று உறுப்பினர்கள். இரண்டாமவர் புரோட்டாக்கடை இன்பராஜ். கடைப் புரோட்டாவின் அருமைக்கு அவர் உடம்பே விளம்பரப் பலகை. மூன்றாமவர் தறிக்காரர் சௌடையா. வீட்டில் கன்னடம், சங்கத்தில் தமிழ், எடை நாற்பத்தாறு கிலோ. அவர்களும் ஆளுக்கொரு பழைய மோட்டார் வாங்கினார்கள்.

ஓட்டத்தான் தண்ணீர் இல்லை. ஆகவே ஞாயிறுதோறும் சாயப்பட்டறை நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் மோட்டாரை மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள். மோட்டார் உறுமும். தண்ணீர் சுழலும். டிரம் நின்ற இடத்திலேயே நிற்கும். மாரிக்கண்ணன் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு கன்னியாகுமரி வரைக்கும் போய்வருவார். சௌடையா ஒருதரம் கயிற்றைத் தொடப்போனபோது கடல் அங்கேயே கொந்தளித்தது.

“ஏலே, இது தறிக் கயிறு இல்ல. தள்ளி நில்லு.”

“குடிக்கவே தண்ணி இல்ல, இவுகளுக்குக் கப்பல் கேக்குதாக்கும்!” என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

“வானம் பேயலேன்னா அது வானத்து மேல தப்பு. எம் மோட்டாரு ரெடியா இருக்கு” என்றார் தலைவர். பதினோரு வருசம் இதே பதில்தான். புகையும் அதே புகைதான்.

போன கார்த்திகையில் வானம் தன் தப்பைத் திருத்திக்கொண்டது. பரளச்சிப் பக்கத்துக் கண்மாய் நிறைந்துவிட்டதாகத் தகவல் வந்ததும், தகரத்தில் அடித்த மூன்று படகுகள் லோடு ஆட்டோவில் ஏறின. கரையில் பாதி ஊர் நின்றது. மீதி ஊர் வந்துகொண்டிருந்தது. நடுவில், குடையை ஊன்றியபடி பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் இருளப்பசாமி.

“கம்பு ஊனப்படாது. ஆள் எறங்கித் தள்ளப்படாது. மோட்டாருலயே அக்கரை மடையத் தொட்டுத் திரும்பணும். முடிஞ்சா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து ஓட்டுங்க. முடியலேன்னா தகரத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிரணும். நடுவுல சிக்குனா எங்க ஊருப் பயலுகதேன எறங்கி இழுக்கணும்?”

இதை விட்டால் அடுத்து எந்த வருசம் கண்மாய் நிறையுமோ, அது வானத்துக்கே தெரியாது.

இன்பராஜின் மோட்டார், அறுந்த கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஓய்ந்தது. சௌடையாவுடையது இருமியதோடு சரி. மாரிக்கண்ணனின் மோட்டார் ஒரே இழுப்பில் உறுமியது. கூட்டம் கைதட்டியது. படகு பத்தடி போனது. பிறகு பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்க, விசிறி கரம்பைச் சேற்றை உழுது நின்றது.

“என்னண்ணே, உழுதாச்சு. பருத்தி வெதைக்கவா, உளுந்து வெதைக்கவா?” என்றது கரை.

இரண்டாம் தரமும் உழவுதான். மூன்றாம் தரத்தில் மோட்டாரிலிருந்து ஆவி பறந்தது. பதினோரு வருசச் சோதனையில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. டிரம்மில் ஆள் ஏறியதில்லை. கண்மாயின் ஆழமோ இடுப்பளவு. மாரிக்கண்ணனின் எடையோ தொண்ணூற்றெட்டு.

“கெளம்புறீகளா?” என்றார் இருளப்பசாமி.

“மோட்டாருல ஒரு கொறையும் இல்ல தலைவரே. இன்னொருக்கா.” மாரிக்கண்ணன் தண்ணீரில் இறங்கி நின்று, தம் வயிற்றைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். இன்பராஜைப் பார்த்து, உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். கடைசியாகச் சௌடையாவைப் பார்த்தார்.

“ஏறு.”

“நானா? கயித்தத் தொட்டதுக்கே வஞ்சீரு!”

“ஏறுலே.”

சௌடையா ஏறினார். படகு அசையக்கூட இல்லை. “கைப்பிடிய எங்கிட்டுத் திருப்புனா எங்கிட்டுய்யா போகும்?”

மாரிக்கண்ணன் யோசித்தார். “தெரியாது. டிரம்மு திரும்புனதே இல்ல.”

மோட்டார் உறுமியது. படகு முதலில் கிழக்கே போய், ஒரு கருவேல மரத்தை நலம் விசாரித்து, மேற்கே வளைந்து, அப்புறம் ஒருவழியாக நேரானது. சேறு கிளம்பவில்லை. அக்கரையில் சௌடையா மடைச்சுவரைக் கையால் தட்டியது இக்கரைக்குத் தெரிந்தது. திரும்புகையில் பாதித் தூரம் தாண்டியதும் இருளப்பசாமி தொண்டையைச் செருமினார்.

“ஞாயித்துக்கெழம மட்டும்தேன்.”

அப்போதுதான் மூச்சுவாங்க ஓடிவந்த ஒருவர், எதிரே நின்ற முதுகுகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார்.

ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த மாரிக்கண்ணன் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

“இங்கிட்டு வந்து நில்லுங்க. இங்கேருந்து நல்லாத் தெரியுது.”