மூன்றாம் முடிச்சுக்குக் கடல் தாண்டியவள்

செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்த இரண்டு நாளும் வடக்குப் பார்த்துப் பயணம் கிளம்பக்கூடாது என்பதில் புஷ்பவள்ளி ஒரு அடிகூட விட்டுக்கொடுக்க மாட்டாள். விமானமோ வியாழக்கிழமை காலை சென்னையிலிருந்து. சிதம்பரத்துக்குச் சென்னை நேர் வடக்கு. புதன்கிழமை கிளம்பினால்தான் ஆகும். புருஷன் பொன்னுரங்கம் காலண்டரை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஒரு டம்ளர் பால குடிச்சிட்டுக் கெளம்பு புள்ள. சூலம் போயிடும். எங்கம்மா அப்பிடித்தான் போவும்."

"உங்கம்மா போனது விருத்தாசலத்துக்கு. நான் போறது கடலுக்கு அந்தாண்ட. ஒரு டம்ளர் பாலு அவ்ளோ தூரம் தாங்குமா?"

அதனால் பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்து, பயண மூட்டையில் ஒன்றை முன்கூட்டியே வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதன்பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடுதான். வைத்த பொருள் மறுபடி சொந்த வீட்டுப் படி ஏறக்கூடாது. போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு, ராகுகாலம் முடிந்த கையோடு, ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு ஜோதி மேரியிடம் போனாள். எது முதலில் போய்ச் சேர வேண்டுமோ அதைத்தானே முதலில் வைக்க வேண்டும்? அதனால் அந்தப் பையில் தாலியும் கூறைப்புடவையும் இருந்தன. விமான டிக்கெட்டும் ஆதார் அட்டையும் தொலைந்துவிடக் கூடாதே என்று அவற்றையும் அதிலேயே போட்டு வைத்திருந்தாள். திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது என்கிற விஷயத்தை ஜோதி மேரியிடம் மூன்று தரம் சொன்னாள். ஜோதி மேரி பையை மாதா படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்து, "எங்க மாதா பாத்துக்கும், நீ போய் வேலையப் பாருடி" என்று அனுப்பிவிட்டாள்.

இத்தனை ஏற்பாடும் தம்பி இளவரசுவின் கல்யாணத்துக்காக.

புஷ்பவள்ளி பிறந்தது அண்ணாகிராமத்துப் பக்கம். அவளுக்குப் பதினாறு வயதும் தம்பிக்கு ஆறு வயதும் நடக்கும்போது தாய் போனாள். இரண்டு வருஷத்தில் தகப்பனும் போனார். தகப்பனுக்குத் தம்பி ஒருவர், அய்யனார் என்று பேர். முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவில்லை. சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது புஷ்பவள்ளி தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். "எனக்கு வந்த சீரு ஒரு பீரோவும் ஒரு மச்சானும்" என்று பொன்னுரங்கம் இன்றைக்கும் கேலி பேசுவான். ஆனால் அந்த மச்சானைப் பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டவனும் அவனேதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்சாதியும் சைக்கிள் ஸ்டாண்டு நடத்தினார்கள். டோக்கன் கிழித்துக் கொடுப்பது புஷ்பவள்ளி. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் அவளிடம் வண்டியை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்த் திரும்பியிருக்கிறார்கள். அவள் போனது கிடையாது. கடலூருக்கு வடக்கே அவள் ஒரே ஒரு தரம், ஒரு சாவுக்குப் போயிருக்கிறாள்.

இளவரசு கடலூரில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, எலக்ட்ரீசியன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்தமானுக்குப் போனான். அங்கேயும் போர்ட் பிளேரில் நிற்கவில்லை. அதற்கும் தெற்கே, கப்பலில் ஒரு பகல் போக வேண்டிய குட்டி அந்தமான் தீவில் ஹட் பே என்கிற இடத்தில் தங்கிவிட்டான். ஊரில் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பையன், கண்காணாத தீவு என்று இரண்டும் தட்டிப்போனது. முப்பத்தாறு வயதாகிவிட்டது. கடைசியில் அந்தத் தீவிலேயே ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண், கயல்விழி, அமைந்தாள். பெண்ணின் அப்பா காத்தவராயன் அங்கே இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் புஷ்பவள்ளியிடம் போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"பையன் தங்கமான பையன், நான் இல்லேங்கல. ஆனா மூணாவது முடிச்சு போட அவன் கூடப்பொறந்த நீ வந்து நிக்கணும் தங்கச்சி. அனாதைக்குப் பொண்ணக் குடுத்தான்னு நாளைக்கு என் பங்காளிங்க ஒரு வார்த்த சொல்லிடக்கூடாது பாரு."

முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மூன்றாவது நாத்தனார் முடிச்சு. அது இல்லாமல் தாலி ஏறினால் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஆளில்லை என்றுதான் பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எப்படியும் வந்து நிற்பேன் என்று புஷ்பவள்ளி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஸ்டாண்டைப் பூட்டிவிட்டுப் பொன்னுரங்கம் கூட வர வழியில்லை. துணைக்கு வரச்சொல்லி அய்யனார் சித்தப்பாவிடம் போய் நின்றாள். அவர் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"பிளேனு, கப்பலு, எனக்கெதுக்கும்மா? சரி, நீ மட்டும் தனியாவா போவப்போற? ஊரையெல்லாம் பஸ் ஏத்தி உட்டுட்டு டோக்கன் கிழிக்கிறவ நீ. நீ ஏறுனது எங்க? மூணா நாளு கடலூர்லேர்ந்து போன் பண்ணி, வழி தெரியல சித்தப்பான்னு அழுவப்போற."

"போன் பண்றேன் சித்தப்பா. அழுவறனா சிரிக்கிறனான்னு அப்ப கேட்டுக்குங்க."

புதன்கிழமை. எமகண்டம் கழித்து ஒன்பது மணிக்குப் பெட்டியோடு ஜோதி மேரி வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது.

போன் போட்டாள். மணி உள்ளேயே அடித்தது. சன்னல் வழியாகப் பார்த்தால், சார்ஜில் போட்ட போன் மாதா படத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் காட்டிக்கொண்டு கிடந்தது. பை வைத்த பலகை சன்னலுக்குத் தெரியவில்லை. பை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வழியில்லை.

பொன்னுரங்கம் ஓடிப்போய் ஒரு கடப்பாரையோடு வந்தான். "தள்ளு. பூட்ட நெம்பிடறேன். வேற பூட்டு வாங்கிக் குடுத்துக்கலாம்."

"வேணாங்க. ஊரான் வண்டிக்குக் காவல் இருந்து சோறு திங்கறவுங்க நாம. அடுத்தவ வூட்டுப் பூட்டுல கை வைக்கலாமா?"

"அப்ப தாலி உள்ள இருக்கட்டும், நீ இங்க இரு, உன் தம்பி அங்க இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கும் கல்யாணம். அப்பவே சொன்னேன், பால குடிச்சிட்டுப் போன்னு!"

அந்தச் சத்தம் கேட்டு, எதிரே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ராபர்ட் எட்டிப் பார்த்தான்.

"யாரு, மேரி அக்காவா? அது விடியக்காலையிலயே கடலூரு போயிடுச்சே. பொண்ணு நித்யாவுக்கு வலி கண்டுடுச்சின்னு அதும் மருமவன் போன் பண்ணாரு. நான்தான் பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் உட்டேன். பெரியாஸ்பத்திரின்னுச்சி."

"கையில என்னா வச்சிருந்துச்சி ராபர்ட்டு?"

"ஃபிளாஸ்க்கு, அப்பறம் ஒரு மஞ்சப் பை. மடியிலேர்ந்து எறக்கவேயில்ல. வாங்கி சீட்டுக்குப் பின்னால வைக்கிறேன்னேன், கையத் தட்டி உட்டுடுச்சி."

புஷ்பவள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் பிடிக்க ஓடினாள்.

கடலூர்ப் பெரியாஸ்பத்திரியில், பிரசவ வார்டு வாசலில், ஜோதி மேரி ஒரு பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பையின் மேல் ஜெபமாலை. புஷ்பவள்ளியைப் பார்த்ததும் முதலில் திட்டினாள்.

"இவ்ளோ நேரமாடி? பஸ்ஸு வுட்டுட்டியோன்னு எனக்கு உள்ள ஒரு வலி, எம்பொண்ணுக்கு அங்க ஒரு வலி."

"யக்கா, வூட்டுலயே வச்சிட்டுச் சாவியக் குடுத்துட்டு வரவேண்டியதுதான?"

"யார்கிட்ட குடுக்கறது? விடியக்காலையில உன் வூட்டுக் கதவத் தட்டுனா உன் புருஷன் பைய வாங்கி உள்ள வச்சிடுவாரு. திரும்பி உன் வூட்டுப் படி ஏறக்கூடாதுன்னு மூணு தரம் சொன்னது யாரு? எப்பிடியும் நீ கடலூரு வழியாத்தான போவணும், இங்க வந்து வாங்கிக்கட்டும்னு எடுத்தாந்துட்டேன். இங்க வந்து போன்ல சொல்லிக்கலாம்னு பாத்தா போனக் காணோம்."

"போனு மாதாகிட்ட சார்ஜ் ஏத்திக்கினு இருக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தாலிப் பையைத் தரையில் வைக்கக்கூடாது என்று, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் அவள் அதை மடியிலேயே வைத்திருந்தாள். தாலி யார் கட்டினாலும் தாலிதானே என்றாள். பையின் மேல் சிலுவை வரைந்து கொடுத்தாள். நித்யா மேரிக்குப் பிரசவம் ஆகும்வரை இருந்து பார்க்கப் புஷ்பவள்ளிக்கு மனசுதான். ஆனால் சென்னை பஸ் நின்று காத்திருக்காது. பெண் குழந்தை பிறந்தது என்பதை அவள் ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டாள்.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து வெளியே போட்டார்கள். "போனா போவுது, தீவுல நெருப்பு இல்லாமலா இருக்கும்" என்று விட்டுவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்ததும், மடியிலிருந்த பையைக் காலுக்கடியில் வைக்கும்படி பணிப்பெண் சொன்னாள். புஷ்பவள்ளி பையிலிருந்து தாலியை எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, பையை மட்டும் அந்தப் பெண்ணிடமே நீட்டினாள். அது தலைக்கு மேலே போனது. இரண்டு பேருக்கும் திருப்தி.

அன்று போர்ட் பிளேரில் தம்பியின் கூட்டாளி வீட்டில் தங்கினாள். வெள்ளிக்கிழமை காலைக் கப்பலில் போனால் அன்றைக்கே ஹட் பே. கல்யாணம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. ஒரு நாள் கையில் மிச்சம் என்று நினைத்துக்கொண்டுதான் துறைக்குப் போனாள். அங்கே போனால், கடல் சரியில்லை, கப்பல் இன்றைக்கு இல்லை என்றார்கள்.

கூட்டம் கொதித்துப்போய் வாசலில் நின்ற அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டது. அந்தப் பாஷை புஷ்பவள்ளிக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் காட்சி நன்றாகவே புரிந்தது. பஸ் ஸ்டாண்டில் அவள் தினமும் பார்த்ததுதான். பஸ் இல்லை என்றதும் எல்லாரும் டிரைவரைத் திட்டப் போவார்கள். திட்டி முடித்துத் திரும்பும்போது அடுத்த பஸ்ஸில் இடம் இருக்காது. அவள் கூட்டத்துக்குள் போகாமல் நேரே டிக்கெட் கவுன்டருக்குப் போய் மூடின சன்னலுக்கு முன்னால் நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள். சன்னல் திறந்தபோது பின்னால் நூறு பேர், முன்னால் யாரும் இல்லை. சனிக்கிழமைக் கப்பலுக்கு முதல் டிக்கெட் அவளுடையது.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"யக்கா, நாளைக்கும் கப்பல் இல்லேன்னா, மஞ்சக் கிழங்கக் கயித்துல கோத்துக் கட்டிட்டு, அவுங்க பக்கத்துப் பொண்ணு ஒண்ண வச்சி மூணாவது முடிச்ச முடிச்சிக்கலாம்ன்றாரு பொண்ணு வூட்டு மாமா."

"உங்க மாமாகிட்ட சொல்லு. கெழங்கெல்லாம் கொழம்புக்கு வச்சிக்கட்டும். தாலி என் முந்தானியில இருக்குது. நான் வர்றேன்."

சனிக்கிழமை கப்பல் புறப்பட்டது. புறப்பட்டதே தவிர, அலை அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது. புஷ்பவள்ளி மூன்று தரம் வாந்தி எடுத்தாள். நான்காம் தரம் வரும் என்று காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. பசிதான் வந்தது. பக்கத்தில் சுருண்டு கிடந்த ஒரு பெண் தன் எலுமிச்சம்பழச் சோற்றை அவளிடம் தள்ளினாள். முழுவதையும் தின்றுவிட்டு, மேல்தட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலா பக்கமும் தண்ணீர், ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. இதைத் தாண்டியா இந்தப் பயல் போனான் என்று மலைத்தாள். நானும்தானே தாண்டுகிறேன் என்று உடனே தோன்றியது. ஒரு கையால் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தீவு தெரிந்தது. கப்பல் ஆடி ஆடி ஒருவழியாகத் துறையோடு ஒட்டி நின்றது. படிப்பலகை போட்டார்கள். அதுவும் ஆடியது. புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். கீழே இளவரசு நின்றான். முப்பத்தாறு வயது ஆம்பிளை, எல்லார் முன்னாலும் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பக்கத்தில் காத்தவராயனும் அவர் பங்காளிகளும் மாலையோடு நின்றிருந்தார்கள். அவர் கப்பல் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. மாப்ள வூட்டு ஆளுங்க மத்தவங்கள்லாம் எறங்கலயா?"

"எல்லாரும் எறங்கியாச்சிண்ணே."

"எங்க?"

"இதோ நிக்கிறனே."

பங்காளிகளில் ஒரு பெரியவர் முதலில் சிரித்தார். "தனியாளா, இந்தக் கடல்லயா வந்த? யோவ் காத்தவராயா, நம்ம வூட்டு ஆம்பிளைங்களே நேத்து படகுல கால் வைக்கல. மாலையப் போடுய்யா!" மாலை கழுத்தில் விழுந்தது.

மறுநாள் காலை, மணையில் இளவரசுவும் கயல்விழியும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தானையை அவிழ்த்துத் தாலியை எடுத்துத் தட்டில் வைத்தாள் புஷ்பவள்ளி. தட்டு சபையைச் சுற்றி வந்தது. மேளத்துக்கு ஆளில்லாத தீவு அது. ஸ்பீக்கரில் கெட்டி மேளம் போட்டார்கள். இளவரசு இரண்டு முடிச்சுப் போட்டான். பின்னால் குனிந்து மூன்றாவதை அவள் போட்டாள். போட்டு இழுத்தாள். இன்னும் ஒரு தரம் இழுத்தாள்.

"அண்ணி, கழுத்து!" என்றாள் கயல்விழி.

"இருடி அம்மா. சிதம்பரத்துலேர்ந்து இதுக்குன்னே வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சபை முழுக்கச் சிரிக்கச் சிரிக்க, மூன்றாம் தரமும் இழுத்து இறுக்கினாள்.