ஸ்பிட்டியிலிருந்து வந்த கல்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், ஜியாலஜி துறையில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வருஷா வருஷம் கெஞ்சிப் புதுப்பிக்கிற வேலை. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

எங்கள் ஊர்க் கருங்கல் குன்றுகளை எத்தனை உடைத்தாலும் ஒரு சிப்பிகூடக் கிடைக்காது. சிப்பியும் மீனும் தோன்றுவதற்கு வெகுமுன்பே இறுகிப்போன கல் அது. அதனாலோ என்னவோ, லேப் இழுப்பறையில் கிடந்த இரண்டு சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கற்கள் மேல் எனக்கு அப்படியொரு மயக்கம். இரண்டும் சைலூரியன் காலத்துக் கடலடியில் படிந்தவை. வயது நாற்பது கோடி வருஷத்துக்கு மேல். இரண்டிலும் சங்கிலிப் பவளம், கண்ணி கண்ணியாகக் கோத்தபடி கல்லாகியிருந்தது. ஒன்று இங்கிலாந்திலிருந்து யாரோ அனுப்பியது. மற்றது எங்கள் துறைத் தலைவர் இளவயதில் இமயமலையில், ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் தன் கையால் உடைத்து, முதுகில் சுமந்து வந்தது.

மத்தியானம் லேப் காலியாக இருக்கும்போது அவற்றைத் தடவியபடி உட்கார்ந்திருப்பேன். அந்தப் பழைய கடல் கண்ணுக்குள் விரியும். கரையில் மரமில்லை, பறவையில்லை. வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீர் மட்டும். சாயங்கால மின்சார ரயிலிலும் அந்தத் தண்ணீர் என்னை விடாது. சானடோரியம் முழுகும், குரோம்பேட்டை முழுகும், ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகள் மேல் பவளம் படரும். "டிக்கெட்டை எடும்மா, செக்கிங் வராங்க" என்று பக்கத்து சீட்டு அம்மாள் உலுக்குவாள்.

தலைவர் ஓய்வுபெறும் வருஷம் அது. பிரிவுபசார விழாவில் அவருடைய ஸ்பிட்டிக் கல்லையே அவருக்குக் கொடுப்பது என்று துறையில் முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஆயுதபூஜை வந்தது. சுத்தியல்களுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். நான் ஒரு அதிகப்பிரசங்கி. கற்களையும் பக்கெட் சோப்புத் தண்ணீரில் முக்கினேன்.

"கல்லுக்கு இன்னாத்துக்குக்கா குளியலு?" என்றார் லேப் அட்டெண்டர்.

"பூஜைக்கு அழுக்காவா வைப்பாங்க? சும்மா இருங்கண்ணா."

கொஞ்ச நேரத்தில் அவரே அலறினார். "அய்யய்யோ, அக்கா! சீட்டெல்லாம் தண்ணில மெதக்குது!"

கோந்தால் ஒட்டிய ஊர்ப்பெயர்ச் சீட்டுகள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மற்ற கற்களைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த இரண்டும் ஒரே பவளம், ஒரே நிறம். எந்த இடத்துக் கல் என்று தெரியாவிட்டால் புதைபடிவமாவது ஒன்றாவது, வெறும் கல். தலைவரைக் கேட்டால் விஷயம் வெளியே வரும், வேலை போகும். ஸ்பிட்டி சீட்டை மனசுக்குப் பட்ட கல்லிலும் இங்கிலாந்துச் சீட்டை மற்றதிலும் ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விழாவில் அவர் கல்லை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து பார்த்தார். சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினாலே அந்தக் கல்தான். ஒரு வாரம் பொறுத்துவிட்டு இரும்புலியூரில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன்.

"வாங்கின உடனே தெரிஞ்சுடுச்சும்மா," என்றார். "என் கல்லு ஓரத்துல சுத்தியல் வழுக்கின பள்ளம் ஒண்ணு இருக்கும். இதுல இல்ல. அத்தனை பேர் முன்னாடி கேட்டா, யார் மாத்தினதுன்னு பேச்சு வரும். உன் வேலைக்கு ஆபத்து."

"நாளைக்கே மாத்திக் கொண்டு வந்துடறேன் சார்."

"வேண்டாம். இமயமலை கடலுக்கடியில இருந்துச்சுன்னு சும்மா சொன்னா பசங்க நம்ப மாட்டாங்க. அவங்க கையில குடுக்க என் கல்லு லேப்லயே இருக்கட்டும். லேபிளை மட்டும் சரியா எழுதி ஒட்டிடு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. காபி வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை அவர் இங்கிலாந்துக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினார். கட்டைவிரல் மட்டும் கல்லின் ஓரத்தில் போய்ப் போய்த் திரும்பியது, அங்கே இல்லாத பள்ளத்தைத் தேடி.