வண்டியில் யார் படுப்பது?

வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்கு மலை வளைவு ஒரு கஷ்டமே இல்லை, யாரை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் கஷ்டம். வண்டி வைத்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிலோனிலிருந்து ஜனங்கள் திரும்பி வந்துகொண்டிருந்த வருஷங்களில், மேட்டுப்பாளையம் ஸ்டேஷனிலிருந்து தோட்டங்களுக்கு வேன் ஓட்டினேன். அதில் ஒரு சவாரி இது.

முன் சீட்டு

கீழ் கோத்தகிரித் தோட்டத்துக்கு ஒரு குடும்பம். பெரியவர் ராமையா, மனைவி மாரியாயி, இரண்டு பெண்கள், மகன் செல்வம், அவன் மனைவி காமாட்சி. கப்பலேறுகிற வாரத்தில்தான் கல்யாணம் ஆனதாம். புதுசாகக் கட்டிக்கொண்ட சின்னஞ்சிறுசுகள் இரண்டும் முன்னால் உட்காரட்டும் என்றார் மாரியாயி. எனக்கு வந்ததே கோபம். என் வண்டியில் ஆண்கள் முன்னே, பெண்கள் பின்னே, அதுதான் சட்டம் என்று கத்தி, அப்பனையும் மகனையும் என் பக்கத்தில் ஏற்றினேன். பின்னால் ஏறும்போது மாரியாயி சொன்னார்:

"கப்பல்ல ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம். முகாம்ல ஒரே அறையில ரெண்டு குடும்பம். ஒங்க வண்டியிலயும் இப்பிடித்தானாண்ணே?"

பாய் லாட்ஜ்

கோத்தகிரி சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தோட்டத்துக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, காலையில்தான் போக முடியும் என்றார்கள். பஜாரில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் லாட்ஜ் வைத்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று சின்ன ரூம் தருகிறேன் என்றார். விடுவேனா? மேசையைத் தட்டி, அடித்துப் பேசி, ஒரு ரூம் வாடகைக்குப் பெரிய ஹாலையே வாங்கிவிட்டேன். நடுவில் கயிறு கட்டி ஒரு ஜமுக்காளத்தையும் தொங்கவிட்டேன். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். யாராவது மெச்சுவார்கள் என்று பார்த்தால், செல்வம் தரையைப் பார்க்கிறான், காமாட்சி சுவரைப் பார்க்கிறாள். பாய் மட்டும் வாயைத் திறந்தார்:

"ஏனுங்க, மூணு ரூம் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

மூட்டைக்குக் காவல்

சாப்பிட்டு முடித்ததும் மாரியாயி மெதுவாக ஆரம்பித்தார். வேனில் மூட்டை முடிச்செல்லாம் கிடக்கிறதாம், மகனும் மருமகளும் அங்கேயே காவலுக்குப் படுக்கட்டுமாம். என் வண்டியில் கை வைக்க எவனுக்குத் தைரியம் இருக்கிறது என்று எகிறினேன். அந்தப் பின் சீட்டில் என்னைத் தவிர ஒருத்தரும் தலை சாய்த்ததில்லை என்றேன். ஒரு ஆள் தூங்கிவிட்டால் இன்னொரு ஆள் வேண்டாமா என்றார் அவர். சரி, நானும் செல்வமும் படுத்துக்கொள்கிறோம் என்றேன். மகள்கள் இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாய் என்னை ஓரமாக இழுத்துப் போய்க் காதில் இரண்டு வார்த்தை சொன்னார். என் முகம் சூடாகிவிட்டது. சாவியைச் செல்வத்தின் கையில் திணித்து, என் கம்பளியையும் கொடுத்து, போய்த் தொலை என்று அதட்டினேன். எனக்கு வாய்த்தது ராமையாவுக்குப் பக்கத்தில் விரித்த கோரைப்பாய்.

காலையில் வழி திறந்துவிட்டது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று, மூட்டையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டு வைத்தேன். கம்பளியை மடித்துக்கொண்டிருந்த செல்வம் வெள்ளந்தியாகச் சொன்னான்:

"இனிமேத்தாண்ணே பாக்கணும்."

எந்தச் சவாரியிலும் சல்லிக்காசு விட்டுக்கொடுக்காத நான், ராமையாவின் குறட்டைக்குப் பக்கத்தில் கம்பளிகூட இல்லாமல் கிடந்த அந்த ஒரு பேரத்தில் மட்டும் தோற்றதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.