பேட்டன்டில் ஏறாத மோர்

மைசூரில் எங்கள் ஆராய்ச்சிக்கூடம் முதன்முதலாக ஒரு கம்பெனிக்குக் கைமாற்றிக் கொடுத்த தொழில்நுட்பம், ஒரே மாதத்தில் தகர டப்பாவில் கறுப்பாகத் திரும்பி வந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. வாழைக்காயைக் காயவைத்து அரைத்துக் குழந்தைகளுக்கு மாவு செய்யும் முறையை எங்கள் டாக்டர் கண்டுபிடித்திருந்தார். மேல்கோட்டைக்காரர், லண்டனில் படித்தவர். தான் சொல்வதும் தப்பாக இருக்கலாம் என்பதை மட்டும் அங்கே யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. நான் அவருடைய டெக்னிக்கல் அசிஸ்டென்ட், ப்ரொபேஷனில் இருந்தேன். எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று பத்துப் பக்கத்துக்கு ப்ராசஸ் நோட் எழுதியவன் நான்தான். பேட்டன்ட் மனுவும் அதை வைத்தே தயாராகிக்கொண்டிருந்தது.

டப்பாவைக் கொண்டுவந்தவர் அந்தக் கம்பெனியின் கொள்ளேகால் முதலாளி. பட்டு வியாபாரத்தை விட்டு இதில் இறங்கியவர்.

“ஏனுங்க, நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதானுங்க பண்ணுனோம். அடுப்புக்கரியாட்டம் இருக்குது. இதைக் கொளந்தைக்குக் குடுத்தா எங்கூருப் பொம்பளைங்க என்னைய விட்டுவைப்பாங்களா?”

டாக்டர் டப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க அடுப்பு சரியில்லை. எங்க ப்ராசஸ் கரெக்ட்” என்றார். முதலாளி போனதும் என்னிடம் திரும்பினார். “தப்பு உம்ம நோட்டுல இருந்தா, வேற வேலை பார்த்துக்கும் ஓய்.”

இரண்டு நாள் நானே காயை நறுக்கி, நோட்டில் உள்ளபடியே செய்து பார்த்தேன். இரண்டு நாளும் கறுப்பு. வழக்கமாக நறுக்குகிறவர் அட்டெண்டர் பிலோமினா. பின்கட்டில் நறுக்கித் தட்டில் பரப்பிக் கொண்டுவருவார். அங்கே நான் எட்டிப்பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் அவரையே நறுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். துண்டுகளை ஒரு குண்டானில், வெள்ளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இது என்ன?”

“மோருத் தண்ணி சார். வாழைக்கா கறுக்காம இருக்க வீட்ல போடறதுதானே. அஷ்டே, வேறொண்ணும் இல்ல.”

“ஏம்மா சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கவே இல்லையே சார். டாக்டருங்களுக்கு இதுகூடவா தெரியாதுன்னு விட்டுட்டேன்.”

டாக்டரிடம் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, ‘நீர்த்த லாக்டிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தார். மோர் விஞ்ஞானமாயிற்று.

பிலோமினா பஸ் ஏறிக் கொள்ளேகால் போய், அங்கிருந்த பெண்களுக்கு மூன்று நாள் கற்றுக்கொடுத்தார். மாவு வெளுப்பாக வந்தது. முதலாளி அவரை ‘டாக்டரம்மா’ என்றே கூப்பிட்டாராம். அவரும் திருத்தவில்லையாம்.

பேட்டன்ட் மனுவில் டாக்டர் பெயரும் என் பெயரும் இருந்தன. பிலோமினா பெயரையும் போடலாமா என்று கேட்டேன்.

“மோருக்குப் பேர் போடறதுன்னா மாட்டுக்கும் போடணும் ஓய்.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டேன். வேலை நிரந்தரமாயிற்று. பிலோமினா அட்டெண்டராகவே ரிட்டயர் ஆனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதைக் கைமாற்றுவதானாலும் முதலில் பின்கட்டுக்குப் போய், அங்கே என்ன செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். செய்கிறவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவதை மறந்தால் கம்பெனிக்காரர் வந்து சண்டை போடுவார். இரண்டாவதை மறந்தால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். பிலோமினாவும் கேட்கவில்லை.